உள்ளங்கை

இந்தத் தீவில் மரம் வளைந்தால்
சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள்.
எனக்கு வளைந்தது
மார்ச் மாதத்தில், ஒரு ஞாயிறு விடியலில்.
முதலில் வலி. பிறகு நெல்டாவின் கை
நின்றது.
"இதென்ன, பட்டாணி மாதிரி?"
விளக்கைப் போட்டுப் பார்த்தோம்,
இருவரும் மூக்குக்கண்ணாடி தேடி மாட்டிக்கொண்டு.
அதன்பின் அந்த அறையில் விளக்கே போடவில்லை,
ஏழு மாதம்.

நான் ஏவரிஸ்தோ. லாரி அச்சு நிமிர்த்துகிறவன்.
போர்வெனீரில் வளைந்த இரும்பு எதுவானாலும்
என் பட்டறைக்குத்தான் வரும்.
இதை நான் எங்கே கொண்டுபோவது?

ஊர் மருத்துவமனைப் பையன்
காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்
"ஐம்பத்தாறு ஆயிற்றே" என்றான்,
ஐம்பத்தாறு ஒரு நோயின் பெயர் போல.
நீரிணை தாண்டிப் போனால், புன்டா அரீனாஸில்
ஒருவர் வைட்டமின் எழுதித் தந்தார்.
இன்னொருவரிடம் புற்றா என்று கேட்டேன். சிரித்தார்.
இல்லை என்று சொல்லவில்லை,
சிரித்ததோடு சரி.
படகு திரும்பும் இரண்டு மணி நேரமும்
அந்தச் சிரிப்பை
இல்லை என்று வாசித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இரவில் உடம்பு தன் பாட்டுக்கு எழும்.
அதற்கு என் கவலை தெரியாது.
வலியோடு போய்ச் சமையலறைத் தரையில்
வெறுங்காலோடு நிற்பேன், அடங்கட்டும் என்று.
நெல்டா தூங்குவதுபோல் கிடப்பாள்.
நான் அதை நம்புவதுபோல் வந்து படுப்பேன்.
இருபத்தொன்பது வருடத்தில் நாங்கள் போட்ட
முதல் நாடகம். நன்றாகவே நடித்தோம்.
பட்டறையில் ஒஸ்வால்தோ ஒரு கெட்ட ஜோக் சொன்னான்,
எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

நெல்டாவுக்குப் படகுத்துறையில் டிக்கெட் கவுண்டர் வேலை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம்
என்ன கேட்டால் பதில் வரும் என்று தெரிந்தவள்.
சாப்பாட்டு நேரத்தில், கவுண்டரை மூடிவிட்டு,
பதினொரு மருத்துவமனைகளுக்குப் போன் செய்தாளாம்.
நல்ல டாக்டரா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.
"இப்படி வளைந்துபோனவர்களை
அவர் வாரத்துக்கு எத்தனை பேரைப் பார்ப்பார்?"
பத்து இடங்களில் மௌனம், அல்லது இருமல்.
கொன்செப்சியோனில் ஒரு பெண்குரல்
மூச்சுகூட விடாமல் சொன்னதாம்:
"வியாழக்கிழமை என்றால் அவர்கள் மட்டும்தான் அம்மா."

வியாழக்கிழமை.
எட்டு நாற்காலி, எட்டு ஆண்கள்,
உலகத்தில் தனக்கு மட்டும்தான் என்று
அன்று காலை வரை நம்பிய எட்டுப் பேர்.
எல்லோரும் மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அதில் மீன் இல்லை.

டாக்டர் பெர்னார்தா இத்துர்ரா
பெல்ட்டில் கைவைத்த என்னைத் தடுத்தார்.
"முதலில் கையைக் காட்டுங்கள்."
மோதிரவிரல் அடியில் கயிறுபோல் ஒரு தடிப்பு.
காய்ப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.
"வீட்டில் யாருக்காவது விரல் மடங்கியிருந்ததா?"
அப்பாவுக்கு.
கோப்பையைப் பிடித்தபடியே இருக்கும் அவர் கை,
அப்படியேதான் புதைத்தோம்.
"சிலருக்கு இரண்டும் சேர்ந்து வரும்" என்றார்.
பெய்ரோனி என்று பெயர் சொன்னார்.
புற்றில்லை என்றார், நான் கேட்கும் முன்பே.

பிறகு ஊசி, பிறகு கோணமானி.
என் பட்டறையில் தொங்குவதன் தம்பி அது.
"நாற்பத்தெட்டு டிகிரி" என்று நானே வாசித்தேன்.
டாக்டர் குனிந்து பார்த்து, எழுதிக்கொண்டார்.
இன்னும் மாறிக்கொண்டிருக்கிறதாம்.
இப்போதைக்குத் தினமும் இழுவைக் கருவி.
கத்தி வேண்டுமானால் அது நிலைத்த பிறகு,
அதிலும் கொஞ்சம் நீளம் போகும், தெரிந்துகொள்ளுங்கள்.
சூடு ஆறாத இரும்பில் அளவெடுக்காதே என்று
வேலைக்கு வரும் பையன்களைத் திட்டுகிறவன்,
தலையாட்டினேன்.
முன்போல ஆகுமா?
"முன்போல என்று வாக்குத் தர மாட்டேன்."
எட்டு மாதத்தில் நான் கேட்ட
முதல் நேரான வாக்கியம்.

விடுதியில் மழைச் சத்தம்.
நெல்டா விளக்கைப் போட்டாள்.
என் கையை விரித்து, அந்தக் கயிற்றின்மேல்
கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே இருந்தாள்.
"தினமும் பிடிக்கிற கை" என்றாள்,
என்னிடமில்லை, கையிடம்.
இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.
நான் தூங்கிவிட்டேன், நிஜமாகவே.